எந்தச் சாமிக்கு மொட்டை?

என் பெயரை என்னிடமே அதிகமாகக் கேட்டவர் அவர்தான். பள்ளிக்கூடத்து வாத்தியார்கள், ரேஷன் கடைக்காரர், பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரையும் சேர்த்தாலும் அவர் ஒருவருக்கு ஈடாகாது. காலையில் திருச்சுழியில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்காருவார். சேலை எந்தக் கடையில் எடுத்தது என்பதில் ஆரம்பித்து, எங்கள் வீட்டுப் புளிக்குழம்புக்கு வத்தலை வறுத்து அரைப்போமா பச்சையாக அரைப்போமா என்பதுவரை பேசிக்கொண்டே வருவார். அருப்புக்கோட்டையில் இறங்கி, ஆஸ்பத்திரிக்குள் போய், பச்சை அங்கியும் முகமூடியும் மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றதும், "உங்க பேரு?" என்பார்.

முதல் தடவை எனக்குச் சுருக்கென்றது. "என்ன மேடம், இப்பத்தான பஸ்ஸுல வாய் ஓயாமப் பேசிட்டு வந்தோம்?" என்று கேட்டுவிட்டேன்.

"எனக்கு உங்களத் தெரியும். என் கைக்குத் தெரியாது. பேரச் சொல்லுங்க."

சொன்னேன். "சரியா இருக்கு" என்றார். எதைக் கேட்டு எதைச் சொன்னாலும் கடைசியில் அந்த 'சரியா இருக்கு' வந்தால்தான் அவர் அடுத்த வேலைக்குப் போவார். அது வரும்வரை எதிரில் நிற்பது மந்திரியே ஆனாலும் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும்.

அவர் டாக்டர் இல்லை. பிள்ளையில்லாதவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் வேறு. இவர் அவர்களுக்குப் பின்னால், பூட்டிய அறைக்குள் வேலை செய்தவர். பெண்ணிடமிருந்து எடுத்த முட்டையையும் ஆணிடமிருந்து எடுத்த விந்தையும் கண்ணாடித் தட்டில் சேர்த்து, கருவாக்கி, இன்குபேட்டரில் வைத்து வளர்த்து, நாள் பார்த்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. கதவில் 'கருவியல் நிபுணர்' என்று எழுதியிருந்தது. எங்களுக்கு அவர் லேப் மேடம். சொந்த ஊர் மல்லாங்கிணறு. வீட்டுக்காரர் திருச்சுழி தாலுகா ஆபீஸில் வேலை பார்த்ததால் எங்கள் ஊரில் வாடகைக்குக் குடியிருந்தார்.

எங்களுக்குத் திருச்சுழி பஜாரில் பெயிண்ட் கடை. கல்யாணமாகி வெகுநாளாகியும் பிள்ளையில்லை. போகாத கோயில் இல்லை, குடிக்காத கஷாயம் இல்லை. கடைசியில்தான் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊரில் கேட்டவர்களிடம் எனக்கு இடுப்பு வலி என்று சொல்லிவைத்திருந்தோம். அந்தப் பஸ்ஸில் இடுப்பு வலி, முட்டு வலி, பல் வலி என்று சொல்லிக்கொண்டு வந்து ஒரே ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியவர்கள் பலர்.

எங்கள் ஊர்ப் பெயர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திருச்சுழிக் கோயிலில் சுவாமி திருமேனிநாதர், அம்மன் துணைமாலை. அதனால் பஜாரில் நின்று 'திருமேனி' என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். 'துணைமாலை' என்றால் நாலு வீட்டுக்குள்ளிருந்து என்ன என்று கேட்பார்கள். என் பெயர் துணைமாலை. என் வீட்டுக்காரர் பெயர் திருமேனி. ஜாதகம் பார்த்தபோது பொருத்தம் அவ்வளவாக இல்லையாம். "சாமி பேரே சேந்து வந்திருக்கு, இதுக்கு மேல என்ன பொருத்தம்?" என்று பெரியவர்கள் முடித்துவிட்டார்கள். எங்களைப் போலப் பெயர் சேர்ந்து வந்ததற்காகவே முடித்த ஜோடிகள் எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு.

முதல் நாள் என் மாமியாரும் கூட வந்திருந்தார். லேப் மேடம் என் பெயரைக் கேட்டுவிட்டு, "வீட்டுக்காரர் பேரு?" என்றார்.

எனக்கு வாய் வரவில்லை. நான் பட்டப்படிப்புப் படித்தவள்தான். ஆனாலும் கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. "வெளிய நிக்காகல்ல, அவுகதான்" என்றேன்.

"வெளிய ஊருப்பட்ட பேரு நிக்காக. பேரு?"

மாமியாரைப் பார்த்தேன். அவர் நிலைமை என்னுடையதைவிட மோசம். எங்கள் வீட்டில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர்தான் வைப்பார்கள். அதனால் மகன் பெயர் மாமியாருக்கு மாமனார் பெயர். பெற்ற மகனைப் பிறந்ததிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடாத தாய் அவர்.

"எங்க ஊருக் கோயில் சாமி பேருதாம்மா" என்றார் மாமியார், கையைத் தெற்கே காட்டி.

"எந்த ஊரு, எந்தச் சாமி?"

"பெரியவன்னு போட்டுக்கோங்களேன். வீட்டுல அப்பிடித்தான் கூப்புடுவோம்."

"பெரியவன்னு போட்டா இந்த ஜில்லாவுல பாதி ஆம்பளைக வந்து நிப்பாகம்மா."

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் தலையை உள்ளே நீட்டினார். "நானே சொல்றேன் மேடம்."

"உங்க பேர நீங்க சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது? இவுக யாரு கூட வந்திருக்காகன்னு இவுக வாயால வரணும். நீங்க வெளிய நில்லுங்க."

கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னேன். மாமியார் சுவர்ப்பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வெளியே என் வீட்டுக்காரருக்குக் காதுவரை சிவந்துவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கம் சாய்ந்து, "இன்னொரு தடவ சொல்லேன்" என்றார். "அத மேடத்துக்கிட்டப் போய்க் கேளுங்க" என்றேன். அத்தனை வருஷக் கல்யாணத்தில் அவ்வளவு சந்தோஷமான பஸ் பயணம் எங்களுக்கு வாய்த்ததில்லை.

பெயரோடு விட்டாரா என்றால் இல்லை. மூன்றாவதாக ஒரு கேள்வி வைத்திருந்தார். எந்த ஆஸ்பத்திரி விதியிலும் அது கிடையாது. அவராகக் கண்டுபிடித்தது.

"பிள்ள பெறந்தா எந்தச் சாமிக்கு மொட்ட போடுவீக?"

குலசாமியைக் கேட்கிறார் என்று புரிந்ததும் மாமியாருக்கு முகம் மலர்ந்தது. இவ்வளவு நேரம் வாயடைத்திருந்தவர், "கண்மாக்கரை பேச்சியம்மனுக்கு" என்று ஆரம்பித்து, அம்மன் அங்கே வந்து உட்கார்ந்த கதை முழுவதையும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். லேப் மேடம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "சரியா இருக்கு" என்றார்.

டாக்டர்களும் நர்ஸுகளும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஒருநாள் பஸ்ஸில் நானே கேட்டேன். "கையில பட்டை கட்டுறாக, நம்பர் போடுறாக. அப்புறம் எதுக்கு மேடம் சாமிய இழுக்கீக?"

"உங்க பக்கம் பாதிப் பேருக்கு ஒரே பேரு. பெறந்த நாளு, பள்ளிக்கூடத்துல சேக்கும்போது வாத்தியார் போட்டது. ஃபோன் நம்பரு ஆஃபர் வந்தா மாத்திப்புடுவீக. பட்டை கட்டுறது ஒரு மனுசி. அவளுக்குத் தூக்கம் வரும், பசி வரும். மாறாதது குலசாமி ஒண்ணுதான்."

"வீரசோழன்ல இருந்து பாய் வீட்டு ஆளுக வாராகளே, அவுககிட்ட?"

"வாப்பாவுக்கு வாப்பா பேரக் கேப்பேன். அதுவும் மாறாது."

எந்தத் தம்பதிக்கு எந்தச் சாமி என்பது அவருக்கு மனப்பாடம். ஆளை மறந்தாலும் சாமியை மறக்க மாட்டார்.

வாசனை என்றால் அவருக்கு ஆகாது. சென்ட் கூடாது, பவுடர் கூடாது, பூ கூடவே கூடாது. தட்டில் வளரும் கருவுக்குக் காற்றில் வரும் வாசனைகூட ஒத்துக்கொள்ளாதாம். மல்லிகை விளையும் சீமையில், நல்ல காரியத்துக்கு என்று தலை நிறைய வைத்துக்கொண்டு வரும் பெண்களிடம் பூவை எடு என்றால் சும்மா இருப்பார்களா? "சுமங்கலிகிட்டப் பூவக் கழத்தச் சொல்றாளே, இவ வெளங்குவாளா?" என்று என் மாமியார் அவர் காதுபடவே சொன்னார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கழற்றிய பூவையெல்லாம் தனித்தனி டப்பாவில் வாங்கி வைப்பார். திருப்பிக் கொடுக்கும்போது அங்கேயும் பேரைக் கேட்டுத்தான் கொடுப்பார். என் வீட்டுக்காரர் பாடு இன்னும் திண்டாட்டம். பெயிண்டும் தின்னருமாகப் புழங்கும் ஆள். வாசலிலேயே மூக்கை உறிஞ்சிப் பார்த்து, "போய்க் குளிச்சிட்டு வாங்க" என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார். லேப் மேடம் தலையிலும் நான் பூ பார்த்ததில்லை. பூக்காரி வந்தால் ஆசையாக ஒரு மொட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது, அறைக்குள் இன்குபேட்டரைப் பார்த்து "போய்ட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார் என்று நர்ஸ் பெண் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் கேட்டதற்கு, "பின்ன, சொல்லாமப் போறதா? பிள்ளைக இருக்கிற எடம்" என்றார். அதில் கேலி எதுவும் இல்லை.

எனக்கு முட்டைகள் குறைவு என்று பரிசோதனையில் தெரிந்தது. வேறொரு பெண்ணிடம் தானமாக வாங்கிக்கொள்ளலாம், யாருக்கும் தெரிய வேண்டியதில்லை, பலரும் செய்கிறார்கள் என்றார் டாக்டர். ஒரு வாரம் எங்கள் வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. அப்படி வாங்கினால் அது யார் பிள்ளை? வயிற்றில் சுமக்கிற என்னுடையதா, முகம் தெரியாத அந்தப் பெண்ணுடையதா? பஸ்ஸில் லேப் மேடத்திடம் கேட்டேன். விஞ்ஞானம் படித்தவர், ஏதாவது முடிவாகச் சொல்வார் என்று நினைத்தேன்.

"அத மைக்ரோஸ்கோப்புல பாத்துச் சொல்ல முடியாதுங்க. நீங்கதான் சொல்லணும். என் பிள்ளன்னு சொன்னீகன்னா உங்க பிள்ளதான். ஆனா ஒண்ணு, ஒருதடவ சொன்னா மாத்தக் கூடாது. அது பத்து வயசுல பரீச்சையில ஃபெயிலாகி நிக்கும்போது 'எவளோட புத்தியோ'ன்னு மனசுக்குள்ளகூட நெனைக்கக் கூடாது. முடியுமா?"

"பிள்ளைகிட்டச் சொல்லணுமா?"

"நானா இருந்தா சொல்லுவேன். அது பேரு, ஊரு மாதிரி அதோட விஷயம். நம்ம பொட்டியில வச்சுப் பூட்ட நம்மளுது இல்ல."

முடியுமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். என் மாமியார் இருக்கும் வீட்டில் முடியாது என்று தோன்றியது. எனக்கே முடியுமா என்பதும் நிச்சயமில்லை. இருக்கும் முட்டையை வைத்தே பார்ப்போம் என்று சொல்லிவிட்டோம். ஊசி மேல் ஊசி போட்டு, எடுத்ததில் தேறியது ஒரே ஒரு கரு. அதை உறையவைத்து வைத்தார்கள். இன்னொரு தடவை முயற்சி செய்ய என் உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, எங்களுக்கு இருந்தது அந்த ஒன்றுதான்.

அதை என் கர்ப்பப்பையில் வைக்கும் நாள் வந்தது. அன்று காலையில் என்னோடு இன்னொரு பெண்ணும் உட்கார்ந்திருந்தாள். திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கிராமம். அவள் அப்பா அம்மா காலத்தில் காட்டு வேலை, விவசாயக் கூலி. இவள் நூல் மில்லுக்குப் போகிறாள், புருஷன் பொக்லைன் ஓட்டுகிறார். மாதக்கணக்காகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். அவள் பெயரும் துணைமாலை. அவள் புருஷன் பெயரும் திருமேனி. "நம்ம ரெண்டு பேரையும் ஒரே சாமி சேத்து வச்சிருக்கு பாருங்கக்கா" என்று சிரிப்பாள். எனக்காவது வயதாகிவிட்டது. அவள் சின்னப்பெண். மலடி என்று சொன்னவர்களோடெல்லாம் சண்டை போட்டுவிட்டு வந்தவள்.

கரு வைக்கும்போது மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஸ்கேனில் உள்ளே தெளிவாகத் தெரியும். அதனால் வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். அவள் ஆர்வத்தில் அளவுக்கு மேல் குடித்துவிட்டாள். "அக்கா, கொஞ்சத்த விட்டுட்டு வந்துர்றேன், மேடத்துக்கிட்டச் சொல்லீராதீக" என்று பாத்ரூமுக்கு ஓடினாள். அந்த நேரம் பார்த்து நர்ஸ் பெண் பட்டையோடு வந்து, "துணைமாலை யாரு?" என்றாள். நான் கையை நீட்டினேன். பட்டையைக் கட்டிவிட்டுப் போனாள். அடுத்த பட்டை, திரும்பி வந்த அவள் கையில் ஏறியது. பட்டையில் பெயர் சரிதானே, நம்பரை யார் பார்த்தார்கள்?

என்னைத்தான் முதலில் உள்ளே கூட்டிப்போனார்கள். தலைக்குத் தொப்பி, முகத்துக்கு மூடி, உடம்புக்குப் பச்சைத் துணி. மேசையில் படுத்திருந்தேன். அடிவயிறு வெடித்துவிடும் போலிருந்தது. பெரிய டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு தயாராக நின்றார். சுவரில் இருந்த சின்ன ஜன்னல் திறந்தது. அந்தப் பக்கம் லேப். லேப் மேடத்தின் கண்கள் மட்டும் தெரிந்தன. கையில் தட்டு.

"பேரு?"

"துணைமாலை."

"வீட்டுக்காரர் பேரு?"

"திருமேனி." அன்று கண்ணை மூடாமலே சொன்னேன்.

நர்ஸ் பட்டையின் நம்பரைப் படித்தாள். தட்டின் நம்பரும் அதேதான். "ம், வாங்க வாங்க" என்றார் டாக்டர். லேப் மேடம் அசையவில்லை.

"எந்தச் சாமிக்கு மொட்ட போடுவீக?"

டாக்டர் கூரையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். "மேடம், லேட்டாகுது. கரு வெளிய இருக்கு" என்றார்.

"பேச்சியம்மனுக்கு" என்றேன்.

'சரியா இருக்கு' வரவில்லை. அந்தச் சொல் வராத ஒரே தடவை அதுதான்.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

"கண்மாக்கரை பேச்சியம்மனுக்கு மேடம். உங்களுக்குத் தெரியாதா?" எனக்கு எரிச்சலில் குரல் உயர்ந்துவிட்டது.

"இது சோணைச்சாமிக்கு மொட்ட போடுற பிள்ள" என்றார். ஜன்னல் மூடிக்கொண்டது.

அந்த மேசையில் நான் கிடந்த கிடை எனக்குத்தான் தெரியும். மூத்திரம் முட்டுகிறது, யாரும் ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறார்கள். வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். நர்ஸ் பெண் அழுதுவிட்டாள். வெளியே கொண்டுவந்து பட்டையை அறுத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிபார்த்து, அந்தச் சின்னப்பெண்ணை உள்ளே கூட்டிப்போனார்கள். அவளுக்கு அவளுடையதை வைத்தார்கள். பிறகு எனக்கு என்னுடையது. இந்தத் தடவை ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து "சரியா இருக்கு" என்று வந்தது.

லேப் மேடம் அதோடு விட்டிருக்கலாம். நாங்கள் ஏதோ சின்னக் குழப்பம் என்றுதான் நினைத்திருந்தோம். டாக்டர் அறைக் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்ததால் உள்ளே பேசியது வராந்தாவில் என் காதில் விழுந்தது. "நடக்காத ஒண்ண எதுக்குச் சொல்லிப் பயமுறுத்தணும்? ஊருல பேரு கெட்டா யாரு வருவா?" என்றார் டாக்டர். "நடக்க இருந்துச்சு சார். அது அவுக விஷயம். நம்மளுது இல்ல" என்றார் லேப் மேடம். சொல்லிவிட்டு நேராக எங்களிடம் வந்தார். பட்டை மாறி, இன்னொருவர் கரு எனக்குள் வர இருந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அந்த இன்னொருவர் யார் என்று மட்டும் சொல்லவில்லை. அதை அவர் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்தச் சின்னப்பெண் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றும் கூட வந்திருந்த என் மாமியார் ஆரம்பித்தார். "நல்லவேளை தாயீ. எந்த ஆளுகளோ, என்ன ரத்தமோ, நம்ம வீட்டுக்குள்ள வந்திருக்கும்." அந்தப் பெண் பக்கத்திலேயே நிற்கிறாள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

லேப் மேடம் மாமியாரைப் பார்த்தார். "அம்மா, நானும் எத்தனையோ பாத்துட்டேன். மைக்ரோஸ்கோப்புல வச்சா எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கு. எந்த ஆளுகன்னு ஒண்ணுலயும் எழுதியில்ல. அதனாலதான் கேட்டுக் கேட்டுச் சாகுறேன்" என்றார்.

கரு தங்கியதா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனைக்கு நானும் அந்தச் சின்னப்பெண்ணும் ஒரே நாளில்தான் போனோம். எனக்கு இல்லை என்று வந்தது. அன்று மத்தியானம் அந்தச் சின்னப்பெண் ஃபோன் பண்ணினாள். "அக்கா, எனக்குக் கரு நின்னுருச்சுக்கா. உங்களுக்கு?" என்றாள். நான் பதில் சொல்லாமல் இருந்ததிலேயே புரிந்துகொண்டு அழுதுகொண்டே வைத்துவிட்டாள்.

சாயங்காலம் லேப் மேடம் வீட்டுக்கு வந்தார். ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் சொல்லும் எதையும் அவர் சொல்லவில்லை. அடுப்படியில் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"நான் பாத்தேன்" என்றார். "முதல்ல எட்டுத் துண்டா இருந்துச்சு. அப்புறம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, வட்டமா ஆகி, உள்ள ஒரு குமிழி விட்டுச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. உங்களோடதுதான். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. பேரச் சொல்லித்தான் எடுத்தேன், பேரச் சொல்லித்தான் வச்சேன்."

என் பிள்ளையை இந்த உலகத்தில் கண்ணால் பார்த்த ஆள் அவர் ஒருவர்தான். அது எப்படி இருந்தது என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். மறுபடியும் சொல்லச் சொன்னேன். சலிக்காமல் சொன்னார்.

அழுது முடித்தபின் என் புத்தி வேறு பக்கம் போனது. கேட்கக் கூடாததைக் கேட்டேன். "அன்னைக்கு நீங்க அந்தச் சாமிக் கேள்வியக் கேக்காம விட்டிருந்தா?"

வேறு யாராக இருந்தாலும், அதெல்லாம் இப்போது எதற்கு என்று மழுப்பியிருப்பார்கள். அவருக்கு அது வராது. தரையைப் பார்த்துக்கொண்டே, "உங்க வயித்துல ஒண்ணு நின்னுருக்கலாம்" என்றார். "ஆனா அவுகளோடது."

அந்த நிமிஷத்தில் அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் வைக்க முடியாது. கேட்காமல் இருந்திருந்தால் என்ன? யாருக்குத் தெரிந்திருக்கும்? நான் பாசத்தைக் கொட்டி வளர்த்திருக்க மாட்டேனா? வாய்விட்டே கேட்டேன். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். காபி போட்டுத் தரவும் எனக்குத் தோன்றவில்லை. அவரே எழுந்து எனக்கும் அவருக்குமாகக் காபி போட்டார். ஒரு தம்ளரை என்னிடம் நீட்டி, "இது சீனி போட்டது, உங்களுது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து காபி புரையேறியது. முதுகைத் தட்டிக்கொடுத்தார். என் ஜென்மத்துக்கும் அந்தக் கையை மறக்க மாட்டேன்.

சில மாதங்களில் அவர் வீட்டுக்காரருக்கு மாற்றலாகி ஊரைவிட்டுப் போனார்கள். ஆஸ்பத்திரி வேலையை அதற்கு முன்பே விட்டிருந்தார். விட்டாரா, விடச் சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் வழியனுப்பப் போனேன். அன்றுதான் முதன்முதலாக அவர் தலையில் பூ பார்த்தேன். நாலு முழத்துக்குக் குறையாத மல்லிகை. "இன்னைக்கு எந்தப் பிள்ளைக்கும் ஆகாதுன்னு சொல்ல முடியாதுல்ல" என்று சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார். பஸ் கிளம்பும்போது ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்து, "உங்க பேரு?" என்று நான் கேட்டேன். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. சம்மதம் கேட்காமல் யார் பெயரையும் புழங்குவது அவருக்குப் பிடிக்காது.

பிறகு நாங்கள் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. கடை இருக்கிறது, மாமியார் இருக்கிறார், நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். நான் வீட்டுக்காரரைப் பெயர் சொல்லியே கூப்பிடுகிறேன். மாமியார் கன்னத்தில் போட்டுக்கொள்வதை நிறுத்திவிட்டார்.

இந்த வருஷம் பங்குனித் திருவிழாவில் தேர் பார்க்க நின்றிருந்தேன். "அக்கா!" என்று குரல் கேட்டது. அந்தச் சின்னப்பெண். இடுப்பில் மகள். மொட்டை போட்டு வளர்ந்த முடி இரண்டு பக்கமும் குட்டைக் குடுமியாக நின்றது. "செத்த பிடிங்கக்கா, கூட்டத்துல ஒத்தச் செருப்ப விட்டுட்டேன்" என்று பிள்ளையை என்னிடம் திணித்துவிட்டு ஓடினாள்.

பிள்ளை அழவில்லை. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேரைப் பார்த்தது. நல்ல கனம். வியர்வையும் பவுடரும் கலந்த வாசனை. ஒரு கேள்வி கேட்கப்படாமல் போயிருந்தால் இந்தக் கனம் என் இடுப்பில் நாளெல்லாம் இருந்திருக்கும். இந்தக் குடுமியை நான் போட்டுவிட்டிருப்பேன். அந்தப் பெண் என் இடத்தில் வெறுங்கையோடு நின்று தேர் பார்த்துக்கொண்டிருப்பாள். கூட்டம் நெருக்கியது. பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

செருப்போடு அவள் திரும்பி வந்து, இரண்டு கையையும் நீட்டினாள். "குடுங்கக்கா, இடுப்பு வலிக்கப் போகுது."

"இரு" என்றேன். பிள்ளையின் முகத்தை என் பக்கம் திருப்பினேன். "உங்க அம்மா பேரு என்ன?"

"துணைமாலை."

"அப்பா பேரு?"

"திருமேனி."

அதுவரைக்கும் எல்லாம் எனக்கும் பொருந்தியது. அந்தப் பெண் நீட்டிய கையை மடக்காமல், கண் கலங்க என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அடுத்த கேள்வி தெரியும்.

"உனக்கு எந்தச் சாமிக்கு மொட்ட போட்டாக?"

பிள்ளை தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டது. "சோணைச்சாமிக்கு" என்றது.

"சரியா இருக்கு" என்று சொல்லி, அவள் கையில் கொடுத்தேன்.